நாலாம் நம்பர் சீனியம்மாள்

“கவுண்டரைத் தூக்கினது யாரு?”

காலி மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கல்மண்டபம் படகுக்காரர் சங்க ஆபீஸ் வாசலில் புஷ்பவல்லி நின்றாள். பின்னால் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள், மொத்தப் படையும்.

தூளியில் கிடந்த மகளை ஆட்டிக்கொண்டிருந்த மலர்க்கொடி திகைத்தாள். “எந்த கவுண்டர்க்கா?”

“சங்கத்து வெப்சைட்டுல அடியில ஒரு நம்பர் ஓடிக்கினு இருக்குமே, அது!”

“அதுவா? நான்தான் எடுத்தேன்.”

எடுக்காமல் என்ன செய்வாள்? பத்து வருஷத்துப் பழைய வெப்சைட்; அதை நிமிர்த்தத்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலே மேலே அடித்த படகு மாதிரி, வந்தவர்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எதற்கு எது என்று ஒருவருக்கும் தெரியாது. தொடவும் பயம். விடிகாலை ஆறு மணி நெருங்கினால், சொல்லி வைத்தாற்போல் மொத்தமும் படுத்துவிடும், ஆறு அடித்த பிறகுதான் எழும். கடலுக்குக் கிளம்புகிறவர்கள் காற்று எச்சரிக்கை பார்க்கும் நேரம் அது.

“இந்த வாரத்துக்குள்ள நிமிரலேன்னா வேற ஆள் பாத்துக்கறேம்மா” என்று செயலாளர் கருணாகரன் சொல்லியிருந்தார். கைக்குழந்தையோடு வரச் சொன்ன ஒரே ஆபீஸ் இது. விட முடியுமா?

வேண்டாததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியாக நேற்று கழற்றியதுதான், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று எண்ணும் அந்தக் கவுண்டர். யாராவது பக்கத்தைத் திறந்தால், அது ஒன்று கூட்டி எழுதி முடிக்கும்வரை மற்றதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை எடுத்தாள், இன்று காலை சைட் படுக்கவில்லை. அப்பாடா என்று டீயில் வாய் வைத்தபோதுதான் இந்தப் படை.

“அந்த நம்பர் உங்களுக்கு எதுக்குக்கா?”

“உனுக்கு அது நம்பரு. எங்களுக்கு அதான் சீட்டு” என்றாள் புஷ்பவல்லி.

மார்க்கெட் கேட் ஓரமாக ஒரு முன்னிடம் உண்டு. அங்கே உட்கார்ந்தால் மீன் மளமளவென்று போய்விடும். அதற்காக அவர்கள் போடாத சண்டை இல்லை. சீட்டுக் குலுக்கினால், மடித்தவள் மேல் சந்தேகம். அதனால் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஆளுக்கொரு எண் வைத்துக்கொண்டார்கள். ஆறு மணிக்குக் கவுண்டரின் கடைசி இலக்கம் யாருடையதோ, அவளுக்கு முன்னிடம்.

“கம்ப்யூட்டருக்கு அக்கா கீறாளா, தங்கச்சி கீறாளா? அதான் அத்த நம்பினோம். இன்னிக்கு நம்பரு இல்ல, எவளும் அங்க குந்தல.”

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. “இவ்ளோதானா? புதுசா, லேசா ஒண்ணு வெச்சுத் தரேன்.”

படைக்குள் பெருமூச்சு. ஆனால் மலர்க்கொடிக்கு ஒன்று உறைத்தது. பத்துப் பேர் பார்த்தா ஒரு சைட் படுக்கும்?

“நேத்து எந்த நம்பர் வந்துச்சு?”

“நாலு” என்றாள் படையிலிருந்து மலிகா.

“அதுக்கு முந்தின நாளு?”

“நாலுதான்.”

“அதுக்கும் முன்னாடி?”

எல்லார் பார்வையும் ஓரமாக நின்ற சீனியம்மாள் பக்கம் போனது.

“எல்லாம் கங்கையம்மன் புண்ணியம்” என்று சீனியம்மாள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். “நம்பரு வந்துரும்ல? நான் கெளம்பறேன். அவருக்குக் கஞ்சி குடுக்கணும்.”

அவள் தெரு திரும்பும்வரை மலர்க்கொடி பொறுத்திருந்தாள்.

“அம்மனும் இல்ல, புண்ணியமும் இல்லக்கா. யாரோ சைட்டை விடாம அமுக்கி அமுக்கித் தொறந்து நாலுல கொண்டாந்து நிறுத்துறாங்க. அந்த அடி தாங்காமதான் சைட் படுத்திருக்கு. புதுசுல ஒரு போனுக்கு ஒரு தடவைதான் ஏறும்படி பண்ணிடறேன். சீனியம்மா வேலை இனிமே நடக்காது!”

சபாஷ் போடுவார்கள் என்று பார்த்தாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மலிகா கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள்.

“சீனியம்மாகிட்ட கீறது பட்டன் போனு, பாப்பா” என்றாள் புஷ்பவல்லி மெதுவாக. “அதுல நெட்டே வராது.”

“பின்ன யாரு அமுக்குறது?”

புஷ்பவல்லி இடுப்பிலிருந்து கண்ணாடி விரிசல் விட்ட போனை எடுத்தாள். “நாங்கதான். ஒம்போது பேரும். ஒருத்தி அமுக்கறப்போ இன்னொருத்தியும் அமுக்கிடுவா, நாலு தாண்டிப் பூடும். மறுபடியும் ஒரு சுத்து.”

“எதுக்குக்கா?”

“அவ வூட்டுக்காரன் லாஞ்சு படகுல கால் நசுங்கி படுத்துகினு கீறான். எடத்த வுட்டுக் குடுத்தோம். ‘நான் இன்னா பிச்சக்காரியா’ன்னு ஓரமா போய்க் குந்திக்கினா. நாங்க குடுத்தா வாங்க மாட்டா, பாப்பா. அம்மன் குடுத்தா வாங்கிப்பா.”

தூளி தானாக ஆடி நின்றது. மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உடனே சிரித்தும்விட்டாள்.

“சரி, பூட்டுப் போடல. ஆனா தெனம் ஒருத்தர் மட்டும் அமுக்குங்க. ஒம்போது பேரும் அமுக்கினா எந்த சைட்டும் தாங்காது, என் வேலையும் தாங்காது.”

“நான் அமுக்கறேன்” என்றாள் மலிகா.

“நீ இன்னாத்துக்கு? மொதல்ல ஆரம்பிச்சது நானு!” என்று புஷ்பவல்லி கூடையைக் கீழே வைத்தாள்.

முன்னிடத்தைப் பிடிக்க அத்தனை காலம் அடித்துக்கொண்டவர்கள், அதை விட்டுக்கொடுக்கும் வேலை யாருக்கு என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.