சைத்ரா அனுப்பிய கார்டு

"ஏன்னா, சைத்ரா கார்டு அனுப்பியிருக்கா!"

நாகலக்ஷ்மியின் குரல் மாடிப்படி வரை கேட்டது.

"தூக்கிக் குப்பையில போடு. எனக்குப் பொண்ணே இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?" யக்ஞநாராயணன் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

படியேறிக்கொண்டிருந்த மாடி வீட்டு ஸ்வாதிக்குச் சுருக்கென்றது. பெற்ற மகள் போட்ட கார்டைப் பிரித்துக்கூடப் பார்க்காத மனிதர்! ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவருக்கு மனசும் இரும்பாகிவிட்டதா என்ன?

அவள் கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்து, இந்த வீட்டு மாடியில் குடியேறி எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் கதை முழுக்க அவளுக்குத் தெரியும். சைத்ரா ஒரே மகள். கூட வேலை பார்த்த கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். "இனி இந்தப் படி ஏறாதே" என்றார் அப்பா. அவளும் ஏறவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். ஆறு வருஷமாகக் கீழ் வீட்டில் இரண்டு பேரும் டி.வி.யும்தான்.

அரை மணி நேரத்தில் நாகலக்ஷ்மி மாடிக்கு வந்துவிட்டாள்.

ஸ்வாதியின் மேஜை முழுக்க கெட்டி அட்டைகள், மார்க்கர்கள், மைப் பெட்டிகள், ரப்பர் ஸ்டாம்புகள். டிசம்பர் வந்தால் ஆபீஸ் நேரம் போக, ஆர்டருக்குக் கிறிஸ்துமஸ் கார்டு செய்து கொடுப்பாள்.

"பார்த்தியா ஸ்வாதி? அவளே கையால பண்ணினது."

ஸ்வாதி வாங்கிப் பார்த்தாள். நட்சத்திரத்தின் ஓரமெல்லாம் சிவப்பு மை கசிந்திருந்தது. மணி ஸ்டாம்ப்பை ஒரே இடத்தில் இரண்டு தடவை குத்தியதில் மணிக்கு நிழல் விழுந்திருந்தது. உள்ளே 'டியர் அம்மா' என்று ஆங்கில எழுத்துகளை ஸ்டென்சில் வைத்து நிரப்பியிருந்தது. தொழில் தெரிந்தவள் கண்ணுக்கு ரொம்ப சுமார்தான்.

"நல்லாருக்குங்க மாமி" என்றாள்.

"எனக்கும் ஒண்ணு பண்ணணும். சொல்லித் தரயா?"

"ஹௌதா, அப்படீங்களா? உக்காருங்க, இப்பவே பண்ணிடலாம். பதில் போடாம வுட்டா சைத்ரா அக்காவுக்கு ஏக்கமா இருக்குமில்லீங்களா."

நாகலக்ஷ்மி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஸ்டென்சில் நகராம நாலு பக்கமும் டேப் ஒட்டிக்கோங்க மாமி. மார்க்கரை நட்டமா புடிங்க. சாய்ச்சா மை அடியில ஓடிரும்."

நாகலக்ஷ்மி மூச்சைப் பிடித்துக்கொண்டு நட்சத்திரத்தை நிரப்பினாள். ஸ்டென்சிலை மெல்லத் தூக்கியபோது ஓரம் கத்தி மாதிரி வந்திருந்தது. அவள் முகத்தில் குழந்தைச் சிரிப்பு.

ஸ்வாதிக்கு மனசு தாங்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க மாமி. மாமா பேசுனது என் காதுல வுழுந்துச்சு. அத்தனை கல்லு மனசு ஆகாதுங்க. நானா இருந்தா நேருக்கு நேரா கேட்டிருவேன்."

"கேட்டுடாதேடி!" நாகலக்ஷ்மி பதறிப்போனாள். "இந்த ஒரு கார்டை வெச்சுண்டுதான் வருஷம் பூரா தள்ளறேன். அதுவும் நின்னுபோச்சுன்னா அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?"

நாகலக்ஷ்மி மணி ஸ்டாம்ப்பை மையில் ஒற்றி, பட்டென்று ஒரே குத்தாகக் குத்தினாள்.

"உள்ள 'டியர் சைத்ரா'ன்னு நான் எழுதட்டுங்களா? எனக்குக் கையெழுத்து நல்லா வரும்."

"வேண்டாம். அந்த எழுத்து ஸ்டென்சிலைக் குடு. அதுல பண்ணினா யார் கைன்னு தெரியாது."

மகளுக்கு அனுப்பும் கார்டில் அம்மாவின் கையெழுத்து எதற்கு மறைய வேண்டும்? ஸ்வாதிக்குப் புரியவில்லை.

நாகலக்ஷ்மி ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினாள். டியர் முடிந்தது. அடுத்து அவள் எழுதியது சைத்ரா இல்லை. அப்பா.

"மாமி... இது சைத்ரா அக்காவுக்கு இல்லீங்களா?"

"அவ எங்க இருக்காளோ, யாருக்குத் தெரியும்? போனதுலேர்ந்து அவ ஒரு வரி போட்டதில்லை."

"அப்போ வந்த கார்டு?"

நாகலக்ஷ்மி அதைத் திறந்து, உள்பக்கத்தின் உச்சியில் விரலை வைத்தாள். கடுகளவுக்கு ஒரு 'உ'.

"கிறிஸ்துமஸ் கார்டுக்குப் பிள்ளையார் சுழி போடற மனுஷர் மைசூரிலேயே ஒருத்தர்தான் இருப்பார். டிசம்பர் பொறந்தா விரல் நுனியெல்லாம் சிவப்பு. கேட்டா பேனா ஒழுகறதும்பார். கத்தினா நான் நம்பிடுவேன்னு ஒரு நெனப்பு."

ஸ்வாதி குனிந்து அந்த 'உ'வை உற்றுப் பார்த்தாள்.

"நேத்து கார்த்தால பார்த்தேன். எனக்கு வரவேண்டியதை நம்ம வாசல் லெட்டர் பாக்ஸில போட்டார். போட்டுட்டு, உள்ள கையை விட்டு ரொம்ப நேரம் துழாவிண்டிருந்தார்."

நாகலக்ஷ்மி மை காயட்டுமென்று கார்டை ஊதினாள்.

"எனக்காவது ஆறு வருஷமா வந்துண்டிருக்கு. அவருக்குத்தான் யாருமே போடலை."