இரண்டு டப்பா

"இதைப் புகைச்சா மனநிலை பாதிக்கலாம். வீண் சந்தேகம் வரலாம். யாருமே பேசாதப்ப குரல் கேட்கலாம். புரிஞ்சுதா ஐயா?"

கஞ்சா விற்க உரிமம் பெற்ற கடை அது. எச்சரிக்கையை வாசித்துக் காட்டாமல் சரக்கைக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கவுண்டரில் நின்ற பெண் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து முடித்தாள்.

"சுவரோட சண்டை போடுறதைச் சொல்லாம விட்டுட்டீங்கம்மா" என்றார் பெரியவர். "சரி, கடும் ரகம். ரெண்டு டப்பா."

கடும் ரகம் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வரும். கடைக்கு இரண்டே டப்பா. ஆளுக்கு இரண்டு வரை வாங்கலாம். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ! கதவு திறக்கும் முன்பே வந்து நின்று, இரண்டையும் இவர் ஒருவரே அள்ளிக்கொண்டு போய்விடுவார். ஒரு வருடமாக இதே கூத்து.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இந்த வயசுல இது தேவையா?"

"நான் பீடியைக்கூடத் தொட்டதில்லம்மா. வீட்டுக்குப் போனதும் சாக்கடையில கொட்டிடுவேன்." குரலைத் தாழ்த்தினார். "பதினோரு மணிக்குக் கறுப்புத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தன் இதையே கேட்டு வர்றான்ல? என் மகன்."

அவள் டப்பாக்களை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"இதால புத்தி பேதலிச்சு, ஒருநாள் என் மேலயே கை ஓங்கிட்டான். அன்னிக்கு வீட்டை விட்டுப் போனவன்தான். எதிர்ல பஸ் ஸ்டாப்புல அவன் கண்ணுல படாம உட்கார்ந்து, அவன் வெறுங்கையோட திரும்புறதைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அங்கே எனக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா, கடிகாரம்தான்."

"கூப்பிட்டுப் பேசுங்களேன்."

"என்னைக் கண்டா வேற ஊருக்கு ஓடிடுவான். அது கிடக்கட்டும். அடுத்த வாரம் எனக்கு முட்டி ஆபரேஷன். ரெண்டு மாசம் நடக்க முடியாதாம். அதுவரைக்கும் வாராவாரம் வர்ற ரெண்டு டப்பாவை எனக்காக எடுத்து வைக்க முடியுமா?"

"முடியாதே ஐயா. வாங்குறவங்க நேர்ல வரணும். வயசு வந்தவங்க கேட்டா, இருக்கிறதை இல்லைன்னு சொல்லவும் கூடாது. என் வேலையே போயிடும்."

பெரியவர் தலையாட்டினார். டப்பாக்களைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துச் சாலையைக் கடந்தார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார். இவர் ஏறமாட்டார் என்று டிரைவர்களுக்கும் தெரியும் போல. ஒரு பஸ்கூட நிற்கவில்லை. கவுண்டரிலிருந்து அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாகப் பதினொன்றுக்குக் கறுப்புத் தொப்பி வந்தது.

"கடும் ரகம் இருக்காக்கா?"

"தீர்ந்துடுச்சு தம்பி." வழக்கமாக அதோடு நிறுத்திக்கொள்வாள். இன்று மனம் எங்கேயோ இருந்ததில் வாய் முந்திக்கொண்டது. "அடுத்த வாரம் கண்டிப்பா கிடைக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் முகம் வெளிறியது.

"ஏன்க்கா, அவர் வர மாட்டாரா? உடம்புக்கு ஏதாவதா?"

"யா... யாரைக் கேட்கிறீங்க?"

அவன் கண்ணாடிக் கதவு வழியே பஸ் ஸ்டாப்பையே பார்த்தான்.

"நான் இதை விட்டு எட்டு மாசம் ஆச்சுக்கா. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவர் முன்னால போய் நிக்கிறது? நான் இங்க கேட்டு வந்தாத்தானே, அப்பா அங்க வந்து உட்காருவார்!"