முப்பத்திரண்டாம் பக்கம்

"மண்ணைத் துடைச்சாச்சு. எண் தெரியுது. அதேதான்."

ஹெஸ்டர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

இருநூறு கஜத்துக்கு அப்பால், நிலக்கரி வியாபாரி வீட்டுத் தோட்டத்தில், இருபதடிக் குழிக்குள் ஜெர்மன் விமானம் போட்டுவிட்டுப் போன வெடிக்காத குண்டு கிடந்தது. லெப்டினன்ட் புரோபர்ட் குழிக்குள் இறங்கிக் கால் மணி ஆகியிருந்தது. இவள் மணல் மூட்டைகளுக்குப் பின்னால், மடியில் நோட்டும் காதில் போனுமாக உட்கார்ந்திருந்தாள். ஸ்வான்சீயில் அன்று விடிந்ததிலிருந்தே தூறல்.

குழியில் இருப்பவர் செய்யப்போவதை முதலில் வாயால் சொல்ல வேண்டும். இவள் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். "எழுதியாச்சு" என்று இவள் சொன்ன பிறகுதான் அவர் கை வைக்கலாம்.

ஆள் போய்விட்டாலும் நோட்டு மிஞ்சும். அடுத்து இறங்குகிறவர் கடைசி வரியைப் படித்துக்கொள்வார்.

முகாமில் ஓர் அலமாரி இருந்தது. குண்டுகளிலிருந்து கழற்றிய ஃபியூஸ்கள், அதாவது வெடிக்க வைக்கிற பொறிகள், ஒவ்வோர் எண்ணிலும் ஒன்று, வயிற்றைத் திறந்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஆட்டினால் கொல்வது ஒன்று. மூன்று நாள் பொறுத்திருந்து கொல்வது ஒன்று. கழற்ற வந்தவனையே கொல்கிற இந்த எண்ணுக்கு மட்டும் இடம் காலியாகவே கிடந்தது. அது இதுவரை முழுசாக வெளியே வந்ததில்லை. வராத வரை, இந்த எண்ணைப் பார்த்துக் குழியில் இறங்குகிற ஒவ்வொருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவதாகத்தான் அர்த்தம்.

முப்பத்தொன்றாம் பக்கம், இதே எண் கொண்ட இன்னொரு குண்டுக்கு இறங்கிய கேப்டன் டிரான்டருடையது. அதன் கடைசி வரி: 'கட்டைவிரல் அகலம் வெளியே இழுக்கிறேன்.'

அதற்குக் கீழே வெறும் தாள்.

டிரான்டருக்குக் கை பதறிவிட்டது என்று சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொண்டார்கள். செத்தவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்லவா போகிறார்? ஹெஸ்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சாட்சிக்கு அவளிடம் இருந்தது அந்த வெறும் தாள்தான். புரோபர்ட்டும் மற்றவர்கள் சொன்னதையே நம்பினார். இன்னும் மெதுவாக இழுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் குழிக்குப் போனார்.

போனில் இரைச்சல் கூடியது.

"இழுக்கக் கூடாது," என்றது குரல். "அடியில இன்னொண்ணு உக்காந்திருக்கு. மேல இருக்கறதைத் தூக்கினா அது முழிச்சுக்கும்."

"தூக்கினா அது முழிச்சுக்கும். எழுதியாச்சு சார்."

"எவ்வளவு மெதுவா இழுத்தாலும் ஒண்ணுதான். இதுல கை மேல தப்பே இல்ல. அதையும் எழுது."

"கை மேல தப்பே இல்ல. எழுதியாச்சு சார்."

"ஃபியூஸை விட்டுடணும். குண்டோட பக்கத்தைத் திறந்துதான் உள்ள போகணும்."

எங்கே திறப்பது, எவ்வளவு திறப்பது, எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாக வந்தது. எழுதும்போது ஹெஸ்டர் வெறும் காதும் கையும்தான். நடுவில் மனசு புகுந்தால் ஒரு சொல் தவறும். ஒரு சொல் தவறினால் ஒரு உயிர் போகும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பக்கம் அடிவரை நிரம்பியது.

"எழுதிட்டியா, கிளி?"

"எழுதியாச்சு சார்."

அந்தக் கேள்வியையும் சேர்த்தே எழுதியிருந்தாள்.

பின்னால் சேற்றில் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரும்பினால் புரோபர்ட் நின்றிருந்தார். உடம்பெல்லாம் மண். கையில் அறுந்த போன் ஒயரின் முனை.

"இறங்கும்போதே அறுந்திருக்கு, கார்ப்பரல். நானும் தொண்டை கிழியக் கத்திப் பாத்தேன். உங்ககிட்டேர்ந்து பதிலே இல்ல. பதில் இல்லாம கை வைக்கக் கூடாதுங்கறாங்களே, அதான் ஏறி வந்துட்டேன். ஒயர் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா இந்நேரம் உருவியிருப்பேன்."

ஹெஸ்டர் உட்கார்ந்தபடியே நோட்டை நீட்டினாள்.

மழையில் நின்றபடியே அவர் படித்தார். முந்தைய பக்கத்தைப் புரட்டிக் கடைசி வரியைப் பார்த்தார். மறுபடி இதைப் படித்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"யார் சொன்னாங்க இதை?"

ஹெஸ்டர் அவர் கையிலிருந்த ஒயர் முனையையே பார்த்தாள்.

புரோபர்ட் இன்னொரு முறை கேட்கவில்லை. உயிர் பிழைக்க வழி கிடைத்தால் அந்த வேலையில் யாரும் விலாசம் விசாரிப்பதில்லை.

"புது ஒயர் போடச் சொல்லுங்க," என்றார். "இதுல இருக்கறபடியே செய்யறேன்."

மறுநாள் மதியம் அந்த ஃபியூஸ் முழுசாக வெளியே வந்தது. கம்பளியை விரித்து அதன் மேல் வைத்தார்கள். எழுதியிருந்தபடியே அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது, மேலே இருப்பதைக் கட்டைவிரல் அகலம் இழுத்தாலே வெடிக்கும்படி. அலமாரியில் காலி இடம் நிரம்பியது. அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் யாரும் கை பதறியதைப் பற்றிப் பேசவில்லை.

நோட்டை முகாமில் ஒப்படைக்கும் முன் ஹெஸ்டர் முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பில், 'குழியில் இருப்பவர்' என்ற இடத்தில், வழக்கம்போல வேலை தொடங்கும் முன்பே லெப்டினன்ட் புரோபர்ட் என்று எழுதி வைத்திருந்தாள்.

அதை அடித்தாள். மேலே, தெளிவாக, கேப்டன் டிரான்டர் என்று எழுதினாள்.

சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள் என்று அவளைக் கிளி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.