காலிப் பலகை

காலை ஏழு மணிக்கு மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து கிளம்பினோம். ஆறு பேர். ஆளுக்கொரு காற்றடித்த பலகை. அதன்மேல் நின்றுகொண்டே துடுப்புப் போட வேண்டும். வழிகாட்டி சந்தீப் தன் பலகைக்குப் பின்னால் இன்னொன்றைக் கயிற்றில் கட்டிக் காலியாக இழுத்து வந்தார். யாருடையதாவது பழுதானால் மாற்றிக்கொள்ளத்தான்.

மதியத்துக்குள் நான் நாலு முறை காயலில் விழுந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் கைதட்டியது என் கணவர் சாய்கிருஷ்ணாதான். ஒரு தீவில் இறங்கி, கப்பைக் கிழங்கும் சாயாவும் முடித்துத் திரும்பும்போது என் பலகையில் காற்று இறங்கத் தொடங்கியது. தண்ணீர் கணுக்கால் வரை ஏறிவிட்டது.

"சந்தீப், அந்தக் காலி போர்டைத் தாங்கோ!" என்று கத்தினேன்.

சந்தீப் திரும்பிப் பார்த்தார். காலையில் தக்கை போலத் துள்ளிக்கொண்டு வந்த பலகை அது. இப்போது ஆள் நிற்கும் எங்கள் பலகைகளைப் போலவே நடுவில் அமுங்கி, நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"அது வேண்டாம் சேச்சி. என்னோடதுல ஏறிக்கோங்கோ."

என் பலகையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, சந்தீப்புக்கு முன்னால் மகாராணி போல உட்கார்ந்து வந்தேன். அதைப் பார்த்துச் சிரித்த சாய்கிருஷ்ணா நிலைதடுமாறி விழுந்தார். இந்த முறை நான் கைதட்டினேன்.

துறையில் ஆறு பேரும் படியேறி, மேலே சாயா வாங்கிக்கொண்டோம். கீழே சந்தீப் காலிப் பலகையைப் படியோரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்த்து, படி வழுக்கும்," என்றார், பலகையின் பக்கம் குனிந்து.

பலகை ஒருமுறை ஆடியது. பிறகு இரண்டு விரற்கடை உயர்ந்தது.