விழுந்து கொடுத்தவள்

பெரியவளின் முதுகு முழுசாக மெத்தையில் பதிந்தது. கூடமே அதிர்ந்தது.

நடுவர் கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினார். முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது.

இடுப்பில் ஏற்றி வீசிய சின்னவள், அக்காவின் சட்டைக் காலரை விடாமல் பேயறைந்த மாதிரி நின்றாள்.

ரயில்வே ஜூடோ அணியில் அவர்களுடைய எடைப் பிரிவுக்கு ஒரே இடம்தான். இடம் என்றால் வேலை, கிழவியாகும் வரை சம்பளம். அக்கா தங்கை என்று பார்த்தா அட்டவணை போடுகிறார்கள்? கடைசி ஆட்டத்தில் இரண்டு பேரையும் மோதவிட்டார்கள்.

அதுவரை பெரியவளின் கைதான் ஓங்கியிருந்தது. தரையில் மல்லாத்தி அமுக்கியபோது, தங்கை நழுவி எழுந்ததே பெரும்பாடு.

அம்மா பார்வையாளர் படிகளில் தடதடவென்று இறங்கி வந்து, பெரியவளின் கன்னத்தை வழித்தாள்.

"நீ விட்டுக் குடுத்துருவேன்னு எனக்குத் தெரியும்டி. நீ மூட்டை தூக்கியாவது பொழச்சுக்குவ. அவளுக்கு ஏது அந்தத் தெம்பு?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தோற்றவளுக்கு.

பெரியவள் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

விட்டுக் கொடுப்பதா? கூலிக்கு மூட்டை தூக்கும் குடோனில் மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரமெல்லாம், மூட்டையைத் தங்கையாக நினைத்துக் கட்டிப்பிடித்துப் பழகியவள் அவள். தங்கை இடுப்பைத் திருப்பியதும் பின்னாலேயே தணிந்து, இழுத்துச் சாய்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

சற்று முன் தங்கை அப்படித்தான் திருப்பினாள். பெரியவளின் குதிகால் தானாக எழும்பியது.

பயிற்சிக் கூடத்தில் அதற்கு விழுந்து கொடுப்பது என்று பேர். தூக்குகிறவளுக்குப் பாரம் தெரியாமல், கூடவே ஒரு துள்ளல். தங்கை வீசிப் பழகுவதற்காக வருஷக்கணக்கில் அவள் செய்துவந்த வேலை. மனசு ஒன்று நினைக்க, உடம்பு பழகின கூலிவேலையைப் பார்த்துவிட்டது.

தூக்கிய இடுப்புக்குத் தெரியாதா அது?

"ஏன்க்கா துள்ளுன?" சின்னவள் அவள் காதோரம் குனிந்தாள். "எனக்காகவா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்களிடம் மூத்தவளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலைதான் போய்விட்டது. இந்த நல்ல பேரையும் விடுவானேன்?

"வேற யாருக்குடி?" என்றாள் பெரியவள்.