நாலு மணி அலறல்

யெப்பே மறுபடி அலறினான்.

சிக்னே கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. மணி நாலு தாண்டியிருக்கும். நாள் தவறாமல் அந்த நேரத்துக்குத்தான் அவன் அம்மா போடில், பேக்கரி வேலையை முடித்துவிட்டுச் சைக்கிளில் வந்து இறங்குவாள். மகனின் அறைக்குள் போவாள். கதவைச் சாத்திக்கொள்வாள். அப்புறம் இந்த அலறல்.

நடக்கவும் பேசவும் முடியாத எட்டுக் குழந்தைகள் வருஷக்கணக்காகத் தங்கியிருக்கும் இல்லம் அது. பகல் முழுக்க அவர்களைப் பார்த்துக்கொள்வது சிக்னே ஒருத்திதான். யெப்பேவுக்கு ஒன்பது வயது. சாப்பாடுகூட வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் போகிறது. உள்ளே என்ன நடந்தது என்று அவனால் சொல்ல முடியாது.

கதவு திறந்தது. போடிலின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"என்ன போடில், இன்னிக்கும் இவ்வளவு அழுகை?"

"ஒண்ணுமில்ல சிக்னே. கொஞ்சம் முரண்டு பண்ணினான்."

"கதவைத் திறந்து வச்சா நானும் ஒரு கை பிடிப்பேனே?"

"வேணாம்மா. உனக்குத்தான் இன்னும் ஏழு பேர் இருக்காங்களே."

போடில் போன பிறகு சிக்னே உள்ளே போய்ப் பார்த்தாள். பையனின் முகம் சிவந்து கிடந்தது. கழுத்துத் துணியில் இரண்டு சொட்டு ரத்தம்.

நேராக இல்லத் தலைவி ஊல்லாவிடம் போய் நின்றாள்.

"பெத்தவ மேல புகார் எழுதறது சின்ன விஷயமில்ல, சிக்னே. நல்லா யோசிச்சியா?"

"வாயில்லாப் பிள்ளை, ஊல்லா! அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லிட்டு நாம சும்மா இருந்துட முடியுமா?"

இருக்க முடியாதுதான். மறுநாளே போடிலைக் கூப்பிட்டார்கள்.

"விசாரணை முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை மட்டும் வாங்க. ஒரு மணி நேரம். அதுவும் கூடத்துல, எங்க கண் முன்னாடி," என்றாள் ஊல்லா.

போடில் சண்டைக்கு வருவாள் என்றுதான் சிக்னே எதிர்பார்த்தாள். அவள் வரவில்லை. சிக்னேவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சரி. அவன் பல்லை மட்டும் ரெண்டு வேளையும் நல்லாத் தேய்ச்சு விடுங்க. அது போதும்."

சிக்னேவுக்குச் சுருக்கென்றது. "அதைத்தானே தினமும் பண்றோம்! சுவத்துல அட்டவணை தொங்குதே, ஒரு நாளாவது டிக் விட்டுப் போயிருக்கா பாருங்க!"

"பாத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போடில் தலையைக் குனிந்துகொண்டாள்.

'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்' என்று நினைத்துக்கொண்டாள் சிக்னே.

அதோடு அலறல் நின்றது. ஐந்து வாரம் யெப்பே சத்தமே போடவில்லை. "பாத்தீங்களா, பிள்ளை எவ்வளவு நிம்மதியா இருக்கான்!" என்று ஊல்லாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள் சிக்னே.

ஆறாவது வாரம் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் சிக்னேதான் கூடப் போனாள். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றார்கள்.

டாக்டர் பையனின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இவன் பல்லை யார் தேய்க்கிறது?"

"நாங்கதான் டாக்டர். ஆனா இவன் வாயால சாப்பிடறதே இல்லையே..."

"எச்சில் ஊறுதே! இவனுக்குச் சரியா விழுங்கத் தெரியாது. பல்லுல சேர்ற அழுக்கு எச்சிலோட மூச்சுக்குழாய்ல இறங்கும். சாப்பிடற பிள்ளையைவிட இவனுக்குத்தான் அது ஆபத்து." அவர் பழைய காகிதங்களைப் புரட்டினார். "மூணு வருஷமா ஒரு தடவைகூட இவனுக்குச் சளி நெஞ்சுல இறங்கலை. யாரோ தினமும் பொறுமையாத் தேய்ச்சு விட்டிருக்காங்க. அவங்க இப்ப எங்க?"

நாலு மணிக்குச் சாத்திய கதவும் போடிலின் நனைந்த சட்டைக் கையும் சிக்னேவின் கண் முன் வந்தன.

யார் தேய்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிரஷைக் கொண்டுபோனாலே யெப்பே பல்லை இறுக்கிக்கொள்வான், அலறுவான், கடிப்பான். அதற்குள் அடுத்த அறையில் ஒன்று அழும். சாப்பிடாத வாய்தானே என்று பிரஷைக் குவளையிலேயே விட்டுவிட்டு அட்டவணையில் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது யெப்பேவின் முகத்தில் பாதியை மூச்சுக் கவசம் மூடியிருந்தது. பக்கத்தில் போடில் உட்கார்ந்திருந்தாள்.

"பிழைச்சுக்குவான்னு சொல்றாங்க. ஆனா இனிமே ஆக்சிஜன் இல்லாம இருப்பானான்னு தெரியலையாம்," என்றாள்.

சிக்னே உடைந்துவிட்டாள். "ஏன் சொல்லல போடில்? பல்லுதான் தேய்க்கிறேன், ஈறுல கசிஞ்ச ரத்தம்தான் அதுன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்புதான். அதுக்கு விலை கொடுக்கறது நான் பெத்த பிள்ளைதானே." போடில் மகனின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். "ஆனா சொன்னா, அந்த டிக்கெல்லாம் யார் போட்டதுன்னு ஊல்லா கேப்பாங்களே, உன் வேலை போயிடுமே. நான் வரும்போதெல்லாம் பிரஷ் காஞ்சுதான் கிடக்கும். எட்டுப் பிள்ளைங்களோட நீ ஒத்தையா அல்லாடறதையும்தான் தினமும் பாக்கறேன். உன் குரல் கேட்டாத்தான் இவன் சிரிப்பான். நான் தேய்க்கறதை நீ பாத்தா கூசிப் போயிடுவியேன்னுதான்மா கதவைச் சாத்திக்கிட்டேன்."