பதினேழாம் எண் கவிதை

“அப்பா தவறி எத்தனை வருஷம் ஆச்சும்மா?” என்று மைக்கில் உருகினார் கவிஞர் ஜெயந்திரன்.

“போயி இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்க ஐயா,” என்றாள் சுதர்சினி. பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ‘ச்சொ ச்சொ’ என்றார்கள். முன்வரிசை ஆன்டி ஒருத்தி டிஷ்யூவை எடுத்து நீட்டினாள். சுதர்சினி வேண்டாமென்று தலையாட்டினாள்.

தமிழ்ச் சங்கம் நடத்திய கவிதைப் போட்டியின் இறுதிச் சுற்று அது. வந்த கவிதைகளில் எழுதியவர் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்; எண்ணைக் கூப்பிட்டால் எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். முதலிடம் பெறும் கவிதை சங்கத்தின் ஆண்டு மலரில் முதல் பக்கத்தில் அச்சாகும். அந்த முதல் பக்கத்துக்காகத்தான் சுதர்சினி ஆஸ்பத்திரித் தாதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி வந்திருந்தாள். நடுவர் யாரென்று விளம்பரத்தில் பார்த்த அன்றே உட்கார்ந்து எழுதிய கவிதை.

நடுவர் என்றால் சாதாரண நடுவரா? ‘வீடு வாசலையெல்லாம் துறந்துவிட்டுத் தமிழுக்கு வாழ்க்கைப்பட்டவர்’ என்று செயலாளர் லோகன் மேடையில் முழங்கியபோது, ஜெயந்திரன் கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே வாங்கிக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, கவிதையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவதில் மனிதர் கெட்டிக்காரர். இப்போது பதினேழாம் எண்ணைப் பிரிக்க ஆரம்பித்தார்.

“சிவப்புப் பெட்டி
வாசலைத் தாண்டியது.
மாவுக் கையோடு நின்றாள் அம்மா.
‘போறேன்’ என்றார் அப்பா.
வேலிக் கதவு மட்டும்
நெடுநேரம் ஆடியது.”

“பார்த்தீங்களா? சவப்பெட்டி! வெள்ளைன்னு எழுதியிருந்தா அது சாதாரணம். சிவப்புன்னு சொன்னதும் நெருப்பு தெரியுது, மயானம் தெரியுது. அம்மா கையில உள்ள மாவு இருக்கே, அது மாவு இல்ல, சாம்பல். வேலிக் கதவு ஆடுதே, அது உயிர் போற மூச்சு. எல்லாத்துக்கும் மேல, பெட்டிக்குள்ள படுத்திருக்கிறவரே வாயைத் திறந்து பேசுறாரு. என்ன தைரியம்!”

மண்டபம் கைதட்டியது. இவ்வளவும் தன் கவிதையில் இருப்பது சுதர்சினிக்கே அப்போதுதான் தெரிந்தது.

“ஆனா ஒரு சொல் மட்டும் இடறுது,” என்று விரலை உயர்த்தினார் ஜெயந்திரன். “‘போறேன்’. எந்தத் தமிழன் வீட்டை விட்டுக் கெளம்பும்போது ‘போறேன்’னு சொல்லுவான்? முக்குக் கடைக்குப் போனாலும் ‘போயிட்டு வரேன்’தானே? உங்க அப்பாவும் ‘வரேன்’னு சொல்லணும். வரேன்னு சொன்னவர் வரவே இல்ல, அங்கதாம்மா சோகம் இருக்கு. அந்த ஒரு சொல்லை மாத்திடு. முதல் பரிசு உனக்குத்தான்.”

“மாத்த மாட்டேங்க ஐயா.”

கைதட்டத் தயாராக இருந்த கைகள் எல்லாம் மடிக்குத் திரும்பின. லோகன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். “ஒரு வார்த்தைதானே லா, தங்கச்சி! ஓக்கேன்னு சொல்லிடுங்க. திங்கக்கிழமை மலர் அச்சுக்குப் போவுது.”

“மத்ததை எது வேணும்னாலும் மாத்துங்க அண்ணே. பெட்டிக்கு எந்தக் கலர் வேணும்னாலும் அடிச்சுக்குங்க. அந்த வார்த்தை மட்டும் இருந்த எடத்துலயே இருக்கணும்.”

ஜெயந்திரனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அவர் திருத்திய சொல்லை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. “ஏம்மா, எதுக்கு இந்தப் பிடிவாதம்? அந்தச் சொல்லுல அப்படி என்னதான் இருக்கு?”

“எல்லாம் அதுலதான் இருக்கு. அவரு ‘வரேன்’னு சொல்லியிருந்தா, எங்கம்மா இன்னும் வாசலைப் பார்த்துக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாங்க. ‘போறேன்’னு சொன்னாரு. சரி, போன்னு விட்டுட்டு, மறுநாள் காலையில பசியாறாமக்கூட கையுறை ஃபேக்டரியில வேலை கேட்டுப் போய் நின்னாங்க. நான் படிச்சது, தாதியானது எல்லாம் அந்த ஒரு வார்த்தையாலதான். அதை உங்க அழகுக்காக நான் மாத்தணுமா?”

“அப்ப உனக்கு அஞ்சு வயசு இருந்திருக்குமா? காதுல சரியா விழுந்திருக்காதும்மா. சாகப்போற மனுஷன் வாயில அந்தச் சொல் வராது.”

சுதர்சினி விடுவிடுவென்று மேடை ஏறினாள். அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்காமல், மெதுவாகத்தான் உருவி எடுத்துக்கொண்டாள்.

“அது சவப்பெட்டின்னு நான் எங்கேயும் எழுதலயே ஐயா. அது துணிப்பெட்டி. ஒரு பக்கம் பூட்டு உடைஞ்சு, நீல நைலான் கயிறு கட்டியிருந்துச்சு. காப்பார்ல எங்க வீட்டு வாசல்லேருந்து கெளம்புச்சு.”

ஜெயந்திரனின் மைக் மெல்லக் கீழே இறங்கியது. முதல் தடவையாக அவர் கவிதையை விட்டுவிட்டு, எழுதியவளின் முகத்தைப் பார்த்தார்.

“மொதப் பக்கம் கெடைக்கலன்னாலும் பரவால்ல,” என்றாள் சுதர்சினி, தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தபடி. “என் காதுல நல்லாத்தான் விழுந்துச்சு.”

“நீங்க ‘போறேன்’னுதான் சொன்னீங்க, அப்பா.”